165 வெற்றிகள் போதுமா? சாண்டி கோஃபாக்ஸ் என்ற இடது கை பிட்ச்சரின் கதை

கேள்வி இதுதான்: சாண்டி கோஃபாக்ஸ் வென்றது மொத்தமே 165 ஆட்டங்கள். அமெரிக்கப் பேஸ்பாலில் 300 ஆட்டங்களும் அதற்கு மேலும் வென்ற பிட்ச்சர்கள் (பந்தை எறிபவர்கள்; அணியின் வெற்றி அவர்களில் ஒருவர் கணக்கில் எழுதப்படும்) 24 பேர் இருக்கிறார்கள். போதாததற்கு 30 வயதிலேயே விளையாட்டை விட்டும் போய்விட்டார். அப்படிப்பட்டவரை எப்படி மிகச் சிறந்த பிட்ச்சர்களின் வரிசையில் வைக்கிறார்கள்? ஒரு தொழில்முறை பிட்ச்சரின் வாழ்க்கைதான் எப்படி இருக்கும்?

முதல் பாதிக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். 1961 முதல் 1966 வரையிலான ஆறு ஆண்டுகளில் கோஃபாக்ஸ் 129 ஆட்டங்களில் வென்றார், 47-இல் தோற்றார். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் ஒரு பிட்ச்சரை எடைபோடும் முதல் அளவுகோல். 1962 தொடங்கி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அந்தச் சராசரி இவருக்குத்தான் மிகக் குறைவு. கடைசி ஆண்டில் 27 வெற்றிகள், சராசரி 1.73. உச்சத்தில் இருந்தபோது அவருக்கு இணையாக ஒருவரைச் சொல்லுங்கள் என்றால், பேஸ்பால் தெரிந்தவர்கள் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். எண்களை விடவும் அந்த எண்களுக்கு அவர் கொடுத்த விலைதான் என்னை இந்த மனிதரிடம் கட்டிப்போடுகிறது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காகப் பிட்ச்சரின் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் நடுவே ஒரு சிறிய மண்மேடு. அதன் மேல் நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளியிருக்கும் ஹோம் பிளேட்டின் மேலாகப் பந்து போகும்படி எறிய வேண்டும். அந்த பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பேட்டரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்து அதைக் கடந்தால் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். அந்த எல்லைக்கு வெளியே நான்கு முறை எறிந்தால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போய்விடுவார் (பேஸ் என்பது ஓடிச் சேர வேண்டிய நிலை; மூன்று பேஸ்களையும் கடந்து ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன்). கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் நோ பால். இங்கே எறிவதே வேலை. ஓட்டமும் கிடையாது, பந்து தரையில் பட்டு எழும்புவதும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து கால், இடுப்பு, முதுகு, தோள் என்று திரட்டிய விசை முழுவதும் கடைசியில் முழங்கை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மனித முழங்கை இதைத் தாங்குவதற்கென்று அமைந்ததல்ல. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், எந்தப் பிட்ச்சரின் வாழ்க்கையும் விளங்கிவிடும்.

கோஃபாக்ஸ் 1935 டிசம்பர் 30-ஆம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் சான்ஃபோர்டு பிரான். மூன்று வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். ஒன்பது வயதில் தாய் ஈவ்லின் மறுமணம் செய்துகொண்டார். வளர்ப்புத் தந்தை இர்விங் கோஃபாக்ஸின் பெயரே பையனுக்கும் நிலைத்தது. பள்ளியில் அவருடைய விளையாட்டு கூடைப்பந்து. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அதற்காகத்தான். அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளர் எட் ஜக்கர் பேஸ்பால் அணியையும் கவனித்துவந்தார். 1954 வசந்தத்தில் அந்த அணிக்காக 32 இன்னிங்ஸ் எறிந்த கோஃபாக்ஸ் 51 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 30 பேரை நடக்கவும் விட்டார். அடுத்த ஆறு ஆண்டுகளின் கதை இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. வேகம் அபாரம், கட்டுப்பாடு இல்லை.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஸ்கவுட் (புதிய வீரர்களைத் தேடுபவர்) ஆல் கம்பானிஸ் அவர் எறிவதைப் பார்த்தார். 1954 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது: சம்பளம் 6,000 டாலர், கையெழுத்துக்கான போனஸ் 14,000 டாலர். 19 வயதுகூட நிரம்பாதவனுக்கு அது பெரிய பணம். அந்தப் பணத்தோடு ஒரு பொறியும் சேர்ந்தே வந்தது. பணக்கார அணிகள் இளைஞர்களை மொத்தமாக வாங்கிக் குவிப்பதைத் தடுக்க அப்போது ஒரு விதி இருந்தது. 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கிய வீரரை முதல் இரண்டு ஆண்டுகள் கீழ்நிலை லீகுகளுக்கு அனுப்பக் கூடாது; முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சலுகை போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு பிட்ச்சரின் வளரும் பருவத்தைத் தின்றுவிடும் விதி. சாதாரணமாக ஒரு இளம் பிட்ச்சர் சிற்றூர் மைதானங்களில், யாரும் கண்டுகொள்ளாத ஆட்டங்களில் நான்கு நாளைக்கு ஒருமுறை எறிந்து, அடி வாங்கி, திருத்திக்கொண்டு மேலே வருவார். கோஃபாக்ஸுக்கு அந்தப் பள்ளிக்கூடமே கிடைக்கவில்லை. சாம்பியன் பட்டத்துக்குப் போராடும் அணியின் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடம் கொடுப்பதற்காகக் கீழே அனுப்பப்பட்டவர் டாமி லசோர்டா. பிற்காலத்தில் அதே டாட்ஜர்ஸின் புகழ்பெற்ற மேலாளரானவர்.

1955-இல் மொத்தம் 12 ஆட்டங்களில்தான் அவர் கையில் பந்து கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சொற்ப வாய்ப்புகளுக்குள்ளேயே ஒரு மின்னல் வெட்டியது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி சின்சினாட்டி அணிக்கு எதிராக இரண்டே ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) கொடுத்து, 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஒரு ரன்னும் விடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். லீகில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதன்பின் மறுபடியும் பெஞ்ச்தான். ஒரு நல்ல ஆட்டம் ஆடினால் அடுத்த வாய்ப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைக்கிற நாளில், இன்றைக்கு நிரூபிக்காவிட்டால் அவ்வளவுதான் என்ற பதற்றத்தில் முழுப் பலத்தையும் போட்டு எறிவார். பந்து எங்கோ போகும். உடனே மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் அவரை வெளியே கூப்பிட்டுவிடுவார்.

1958-இல் அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. புதிய மைதானம் கட்டும் வரை கொலிசியம் என்ற பிரம்மாண்டமான தடகள அரங்கில் ஆடினார்கள். அங்கே இடப்பக்க வேலி ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 250 அடிதான். 42 அடி உயரத்துக்கு வலை கட்டியும் பயனில்லை. வலது கை பேட்டர்கள் சும்மா தூக்கிவிட்டாலே ஹோம் ரன். இடது கை பிட்ச்சருக்கு அது சோதனைக் களம். 1959 ஆகஸ்ட் 31 அன்று ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து பாப் ஃபெல்லரின் சாதனையைச் சமன்செய்தார். அடுத்த ஆண்டோ 8 வெற்றி, 13 தோல்வி. முதல் ஆறு ஆண்டுகளின் கணக்கு 36 வெற்றி, 40 தோல்வி. 1960 முடிவில் தன் கையுறையையும் ஸ்பைக் காலணிகளையும் உடைமாற்றும் அறையின் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் நோபி கவானோ அவற்றை எடுத்து வைத்திருந்தார். இந்த ஆறு ஆண்டுகளைத் திறமை கனியாத காலம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கனிய விடவில்லை என்பதே சரி.

திருப்பம் 1961 வசந்தகாலப் பயிற்சியில் வந்தது. ஆர்லாண்டோவில் ஒரு பயிற்சி ஆட்டம். தொடக்கத்திலேயே பேட்டர்களை வரிசையாக நடக்கவிட்டு, பேஸ்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெர்ரி மண்மேட்டுக்குப் போய்ச் சொன்னது எளிய விஷயம்: இவ்வளவு பலமாக எறியாதே, கொஞ்சம் தளர்த்தி எறி, அவர்கள் அடித்தால் அடிக்கட்டும். வேகத்துக்காகவே ஒப்பந்தமான ஒருவரிடம் வேகத்தைக் குறை என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். கோஃபாக்ஸ் கேட்டார். அந்த இன்னிங்ஸிலிருந்து மீண்டார். அன்று யாருக்கும் ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. பிடியைத் தளர்த்தியதும் பந்து சொன்ன இடத்துக்குப் போனது, வேகமும் குறையவில்லை. தசை இறுகினால் கை மெதுவாகத்தான் வரும் என்பது எறிகிறவர்கள் எல்லாருக்கும் காதில் விழும் பாடம்தான். அது உடம்புக்குப் புரிவதற்குத்தான் காலம் பிடிக்கிறது. அதே பருவத்தில் இன்னொரு குறையும் பிடிபட்டது. எறிவதற்கு முன் உடம்பை அவர் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்த்ததில், இலக்கே ஒரு கணம் கண்ணிலிருந்து மறைந்துவந்தது. அதையும் திருத்தினார்கள். அணியின் புள்ளிவிவர நிபுணர் ஆலன் ராத் முதல் பந்திலேயே ஸ்ட்ரைக் எடுப்பது எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று எண்களோடு எடுத்துக்காட்டினார். அந்த ஆண்டு 18 வெற்றிகள், 269 ஸ்ட்ரைக் அவுட்கள். 1903-இல் கிறிஸ்டி மேத்யூசன் வைத்த, 1900-க்குப் பிந்தைய நேஷனல் லீக் சாதனையான 267 அத்தோடு உடைந்தது.

அவர் எறிந்தது பெரும்பாலும் இரண்டே வகைப் பந்துகள். ஒன்று, நேரான வேகப்பந்து. கையை முழுக்க மேலே கொண்டுபோய் எறிவதால் பந்தில் பலமான பின்சுழற்சி இருக்கும்; பேட்டர் எதிர்பார்க்கிற அளவுக்கு அது கீழே இறங்காது. மட்டை அதற்கு அடியில் வெறுமனே வீசிப்போகும். இன்னொன்று, அதே உயரத்திலிருந்து முன்சுழற்சியோடு வரும் வளைபந்து. மார்பு உயரத்தில் வருவதாகத் தோன்றி முழங்காலுக்கு விழும். ஒன்று இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது, மற்றது எதிர்பாராத அளவுக்கு இறங்கும்; இரண்டும் ஒரே கையசைவில் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், பேஸில் ஆள் நிற்கும்போது கோஃபாக்ஸ் கைகளை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்தே அடுத்து வருவது எந்தப் பந்து என்று எதிரணிகள் கண்டுபிடித்திருந்தன. தெரிந்திருந்தும் அவர்களால் அடிக்க முடியவில்லை. ஏமாற்றி வென்ற பிட்ச்சர்கள் ஏராளம். இன்னது வரப்போகிறது என்று தெரிந்தும் எதிரியைத் தடுமாற வைத்தவர்கள் அபூர்வம்.

1962-இல் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது. ஜூன் 30-ஆம் தேதி மெட்ஸ் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் தன் முதல் நோ-ஹிட்டரை எறிந்தார். ஆனால் அந்தக் கோடையிலேயே இடது கை ஆள்காட்டி விரலில் ரத்த ஓட்டம் குறைந்து, விரல் மரத்துப்போனது. உள்ளங்கையில் ஒரு ரத்தக்குழாய் நசுங்கியிருந்தது. பருவத்தின் பாதியை அது விழுங்கிவிட்டது. உடம்பு கொடுத்த முதல் எச்சரிக்கை அது.

1963-இல் அவரைத் தடுக்க ஆளில்லை. 25 வெற்றி, 5 தோல்வி, 306 ஸ்ட்ரைக் அவுட், எதிரணிக்கு ரன்னே கொடுக்காத ஆட்டங்கள் 11. மே 11-இல் இன்னொரு நோ-ஹிட்டர். சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் எதிரே நியூயார்க் யாங்கீஸ். அக்டோபர் 2-ஆம் தேதி முதல் ஆட்டத்தில் அவர் சந்தித்த முதல் ஐந்து பேட்டர்கள் கூபெக், ரிச்சர்ட்சன், ட்ரெஷ், மிக்கி மான்டில், ரோஜர் மாரிஸ். ஐந்து பேரும் ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் முடிந்தபோது எண்ணிக்கை 15; சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன் அதே தேதியில் கார்ல் எர்ஸ்கின் வைத்த 14 என்ற சாதனை போய்விட்டது. டாட்ஜர்ஸ் நான்கு ஆட்டங்களையும் வரிசையாக வென்றது. யாங்கீஸின் யோகி பெர்ரா சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: இவர் 25 ஆட்டம் எப்படி வென்றார் என்பது புரிகிறது, 5 ஆட்டம் எப்படித் தோற்றார் என்பதுதான் புரியவில்லை.

1964 ஆகஸ்ட் 8. மில்வாக்கியில் ஆட்டம். கோஃபாக்ஸ் அப்போது எறியவில்லை. பேட்டிங் செய்துவிட்டு இரண்டாம் பேஸில் நின்றிருந்தார். அவுட்டாக்கப் பந்து வர, பேஸை நோக்கிப் பாய்ந்து இடது முழங்கையின் மேல் விழுந்தார். அதற்குப் பிறகும் இரண்டு ஆட்டங்களை வென்றார். அதில் இரண்டாவது 13 ஸ்ட்ரைக் அவுட்களோடு எறிந்த அவருடைய 19-ஆம் வெற்றி. மறுநாள் காலையில் கையை நீட்ட முடியவில்லை. மருத்துவர் ராபர்ட் கெர்லன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னது, அடிபட்டதால் தூண்டப்பட்ட மூட்டுவாதம். முழங்கை மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. அடுத்த வசந்தத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு மறுநாள் விழித்தபோது உள்ளே ரத்தம் கசிந்து, கை கறுத்து நீலம் பாரித்திருந்தது. இப்படியே எறிந்துகொண்டிருந்தால் ஒருநாள் கையையே பயன்படுத்த முடியாமல் போகலாம் என்று கெர்லன் எச்சரித்தார்.

அதன்பின் அவர் எறிந்தது இரண்டு முழுப் பருவங்கள். இங்கேதான் தொழில்முறை பிட்ச்சரின் அன்றாட வாழ்க்கையை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் மிளகாயின் காரச்சத்து சேர்த்த கேப்சோலின் என்ற களிம்பைத் தோளிலும் கையிலும் முதுகிலும் அழுத்தித் தேய்ப்பார்கள். மற்ற வீரர்கள் ஒரு பொட்டு வைத்தாலே அலறும் மருந்து. வலிக்குக் கோடீன் மாத்திரை. வீக்கத்துக்குப் பூட்டாசோலிடின், பந்தயக் குதிரைகளுக்குக் கொடுப்பதாகப் பெயர்பெற்ற மருந்து. அவ்வப்போது முழங்கை மூட்டுக்குள்ளேயே கார்ட்டிசோன் ஊசி. ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் முழங்கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; தோல் உறைந்துவிடாமலிருக்கக் கையில் ஒரு ரப்பர் உறை. நிருபர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்பது பெரும்பாலும் அந்த நிலையில்தான். மறுநாள் முழங்கை முழங்காலின் பருமனுக்கு வீங்கியிருக்கும். இடது கை மெல்ல மெல்ல வளைந்து நிமிராமல் போனது. அவருடைய கோட்டுகளின் இடது கையை வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. இந்த நிலையில் 1965-இலும் 1966-இலும் தலா 41 ஆட்டங்களைத் தொடங்கினார். இரு ஆண்டுகளிலும் தலா 27 ஆட்டங்களை ஒருவரையும் துணைக்கு அழைக்காமல் தானே முடித்தார். இன்று ஒரு லீகில் உள்ள பிட்ச்சர்கள் அனைவரையும் சேர்த்தாலும் ஒரு பருவத்தில் இவ்வளவு முழு ஆட்டங்கள் தேறுவது கடினம்.

1965 செப்டம்பர் 9 இரவு, டாட்ஜர் ஸ்டேடியத்தில் சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வந்த 27 பேட்டர்களில் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. இதைத்தான் பெர்ஃபெக்ட் கேம் என்கிறார்கள். ஆனால் அன்று எதிரே எறிந்த பாப் ஹெண்ட்லியும் வாழ்நாளில் மறக்க முடியாத ஆட்டம் ஆடினார். அவர் கொடுத்ததும் ஒரே ஒரு ஹிட். விழுந்த ஒரே ரன்னுக்கும் அந்த ஹிட்டுக்கும் தொடர்பில்லை. ஐந்தாம் இன்னிங்ஸில் லூ ஜான்சன் நடந்து முதல் பேஸுக்குப் போனார், சக வீரர் ஒருவர் தான் அவுட்டாகி வழிவிட இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார், பந்து எறியப்படும்போதே ஓடி மூன்றாவதைத் திருடினார். கேட்ச்சர் எறிந்த பந்து தவறிப்போக ஓடி வந்து ரன் எடுத்தார். இரு அணிக்கும் சேர்த்து முழு ஆட்டத்திலும் ஒரே ஹிட், அதுவும் பின்னால் அதே ஜான்சன் அடித்தது. கடைசி இரண்டு இன்னிங்ஸில் கோஃபாக்ஸ் தான் எதிர்கொண்ட ஆறு பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மொத்தம் 14. நான்கு ஆண்டுகளில் நான்காவது நோ-ஹிட்டர். அதற்கு முன் யாரும் நான்கை எட்டியதில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி மினசோட்டாவில் வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம். முறைப்படி எறிய வேண்டியவர் கோஃபாக்ஸ். ஆனால் அன்று யோம் கிப்பூர். யூதர்கள் உண்ணாநோன்பிருந்து பாவமன்னிப்பு வேண்டும், ஆண்டின் மிகப் புனிதமான நாள். கோஃபாக்ஸ் ஆடவில்லை. அவர் பெரிய பக்திமான் அல்ல. அந்த நாளில் வேலை செய்வதில்லை என்பது அவருக்கு விவாதத்துக்குரிய விஷயமாகவே இருக்கவில்லை. அறிக்கை எதுவும் விடவில்லை. யூதர்களுக்குக் கதவடைத்த மன்றங்களும் குடியிருப்புகளும் அமெரிக்காவில் இருந்த காலம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் அரை நூற்றாண்டு கழித்தும் அந்த ஒரு நாளைப் பேசிக்கொண்டிருந்தது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. அவருக்குப் பதில் டான் டிரைஸ்டேல் எறிந்து 8-2 என்று தோற்றார்கள். மறுநாள் கோஃபாக்ஸே எறிந்தும் தோல்வி.

ஐந்தாம் ஆட்டத்தில் அவர் திரும்பி வந்து 7-0 என்று முடித்தார். தொடர் ஏழாம் ஆட்டத்துக்குப் போனது. டிரைஸ்டேல் மூன்று நாள் ஓய்வில் இருந்தார். கோஃபாக்ஸுக்கு இரண்டு நாள்தான். ஆல்ஸ்டன் கோஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்தார். அன்று வளைபந்து கைக்கு வரவேயில்லை. கேட்ச்சர் ஜான் ரோஸ்பரோ அதற்குச் சைகை காட்டுவதையே விட்டுவிட்டார். ஒரே வகைப் பந்தை வைத்துக்கொண்டு, அதுவும் களைத்த கையோடு, லீகின் வலுவான பேட்டிங் வரிசை ஒன்றை ஒன்பது இன்னிங்ஸ் சமாளித்தார். நான்காம் இன்னிங்ஸில் லூ ஜான்சன் அடித்த பந்து எல்லைக் கம்பத்தில் மோதி ஹோம் ரன் ஆனது. ஐந்தாவதில் மூன்றாம் பேஸில் ஜிம் கில்லியம் குறுக்கே பாய்ந்து பிடித்த ஒரு பந்து இரண்டு ரன்களைக் காப்பாற்றியது. ஒன்பதாவதில் மினசோட்டாவின் கில்லிப்ரூ ஒரு ஹிட் அடித்தார். அடுத்து வந்த இருவரும் ஸ்ட்ரைக் அவுட். 2-0. கொடுத்தது மூன்றே ஹிட். பெர்ஃபெக்ட் கேமைவிட இந்த ஆட்டத்தைத்தான் நான் அவருடைய சிறந்த ஆட்டமாகச் சொல்வேன். எல்லாம் கைகூடிய நாளில் 27 பேரை வீழ்த்துவது ஒரு வகை. பாதி ஆயுதம் போன நாளில் ஜெயிப்பது வேறு.

பணத்தின் கதையும் இந்தக் கேள்விக்குள் வருகிறது. அந்தக் காலத்தில் வீரர் ஒருவர் ஓர் அணியில் கையெழுத்திட்டால் ஆயுளுக்கும் அந்த அணியின் சொத்து. வேறு அணியோடு பேசவும் உரிமை இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள், இல்லையென்றால் வீட்டுக்குப் போ. 1966 வசந்தத்தில் கோஃபாக்ஸும் டிரைஸ்டேலும் தங்களிடம் நிர்வாகம் விளையாடுவதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவரிடம் பேசும்போது மற்றவர் கேட்ட தொகையைக் காட்டி மட்டம் தட்டுவதே அந்த விளையாட்டு. இருவரும் சேர்ந்து ஒரு வழக்கறிஞரை வைத்துப் பேசினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 10 லட்சம் டாலர் வேண்டும், சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்றார்கள். பயிற்சி முகாமுக்கும் போகவில்லை. ஒரு மாத இழுபறிக்குப் பின் கோஃபாக்ஸுக்கு 1,25,000 டாலரும் டிரைஸ்டேலுக்கு 1,10,000 டாலரும் என்று முடிந்தது. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் இருவர் சேர்ந்து நின்றால் நிர்வாகம் இறங்கிவரும் என்பதை மற்ற வீரர்கள் பார்த்தார்கள். அந்த ஆண்டுதான் மார்வின் மில்லர் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். ஆயுள் அடிமை விதி 1975 டிசம்பரில் தொழில் தகராறை விசாரித்த ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பில் உடைந்தது. அந்த வழக்கைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரான ஆண்டி மெசர்ஸ்மித்தும் டாட்ஜர்ஸ் பிட்ச்சரே.

1966-இன் கடைசி லீக் ஆட்டம் அக்டோபர் 2-இல் ஃபிலடெல்ஃபியாவில். பட்டம் அந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஓய்வில் வந்து வென்று கொடுத்தார். அது 27-ஆம் வெற்றி. நான்கு நாள் கழித்து வேர்ல்ட் சீரிஸில் பால்டிமோரிடம் தோற்றார். அன்று டாட்ஜர்ஸ் வீரர் வில்லி டேவிஸ் ஒரே இன்னிங்ஸில் மூன்று பிழைகள் செய்தார். எதிரே எறிந்த 20 வயது ஜிம் பால்மர் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. நவம்பர் 18-ஆம் தேதி பெவர்லி ஹில்ஸில் ஒரு ஹோட்டலில் நிருபர்களைக் கூட்டி, ஓய்வு பெறுகிறேன் என்றார். பேஸ்பாலுக்குப் பின்னும் தனக்கு நிறைய ஆண்டுகள் வாழ்க்கை இருக்கிறது, அதை உடம்பு முழுவதும் பயன்படும் நிலையில் வாழ விரும்புகிறேன் என்பது அவர் சொன்ன காரணம். சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது அப்போது இரண்டு லீகுகளுக்கும் சேர்த்து ஒருவருக்குத்தான். 1963, 1965, 1966 மூன்று முறையும் ஒருமனதாக அவருக்கே கிடைத்திருந்தது.

இதைச் சோகக் கதையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலி மாத்திரையில் தலை சுற்ற மேட்டில் நின்றவர் அவர். இன்னும் இரண்டு பருவம் இழுத்திருந்தால் 200 வெற்றி கிடைத்திருக்கலாம், கை போயிருக்கலாம். பிட்ச்சர்களில் பெரும்பாலோரை அணிதான் வெளியே அனுப்புகிறது. தன் உடம்புக்கு எது போதும் என்பதைத் தானே முடிவுசெய்தவர்களில் இவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியவர் வேறு யாரும் எனக்கு நினைவில் இல்லை.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். டாட்ஜர் ஸ்டேடியம் பிட்ச்சர்களுக்குச் சாதகமான மைதானம். அங்கே அவருடைய சராசரி 1.37. 1963-இல் ஸ்ட்ரைக் எல்லையைப் பெரிதாக்கியதும் அவருக்கு உதவியது. பிட்ச்சர்களின் ஆதிக்கம் எல்லை மீறியதால் 1969-இல் மண்மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் அதே மைதானத்தில், அதே விதிகளில் எறிந்த வேறு யாரும் இந்த எண்களுக்கு அருகில் வரவில்லை. வேர்ல்ட் சீரிஸ் ஆட்டங்களில் 57 இன்னிங்ஸ் எறிந்து அவருடைய சராசரி 0.95. அதை மைதானத்தின் கணக்கில் எழுத முடியாது.

பிந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-இல், 36 வயதில், பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பெருமையைப் பெற்றவர் வேறு யாரும் இல்லை. அதே ஆண்டு ஜாக்கி ராபின்சனின் 42, ராய் கம்பனெல்லாவின் 39 ஆகியவற்றோடு இவருடைய 32 என்ற சட்டை எண்ணையும் டாட்ஜர்ஸ் இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. தொலைக்காட்சி வர்ணனையாளராகச் சில ஆண்டுகள் இருந்தார். அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை. கெர்லனின் கூட்டாளியான மருத்துவர் ஃபிராங்க் ஜோப் 1974-இல் டாட்ஜர்ஸின் இன்னொரு இடது கை பிட்ச்சர் டாமி ஜானுக்கு, மணிக்கட்டுப் பகுதியிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அறுந்த முழங்கைத் தசைநாருக்குப் பதிலாகப் பொருத்தினார். ஜான் 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை. இன்று முழங்கை போன பிட்ச்சர்கள் ஓராண்டுக்கு மேல் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வருவது அந்த அறுவை சிகிச்சையால்தான். கோஃபாக்ஸின் காலத்தில் இருந்தது ஐஸும் ஊசியும் மட்டுமே.

1979 முதல் 1990 வரை டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணிகளில் இளம் பிட்ச்சர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தனக்கு மறுக்கப்பட்ட அதே லீகுகளில். வெற்றிக் கணக்கைத் தாண்டி அவரை அறிய விரும்பினால், பெர்ஃபெக்ட் கேமின் ஒன்பதாம் இன்னிங்ஸை டாட்ஜர்ஸ் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி வானொலியில் வர்ணித்த ஒலிப்பதிவு இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், பத்து நிமிடங்கள்கூட ஆகாது. விதிகள் முழுதாகத் தெரியாவிட்டாலும் மேலே சொன்னது போதும், தாராளமாகக் கேட்கலாம்.